கருவுற்ற காலத்தில் மனப்பதற்ற மருந்துகள்

கருவுற்ற காலத்தில் மனப்பதற்ற மருந்துகள் பயன்படுத்தல் என்பது, மனப்பதற்ற நோய் உள்ள பெண் கருவுற்றிருக்கும்போது அந்நோய்க்கான மருந்தைத் தொடர்வது, புதிதாகத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது ஆகியவற்றைக் குறிக்கும். மகப்பேற்று மருத்துவமும் உளநல மருத்துவமும் சந்திக்கும் துறை இதுவாகும். மனப்பதற்றம் என்பதை மனப்பதட்டம் என்றும் எழுதுவர். இலங்கைத் தமிழில் பதகளிப்பு என்ற சொல் வழக்கில் உள்ளது.

இம்மருந்துகளில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியைக் (சூல்வித்தகம்) கடந்து கருவைச் சென்றடைகின்றன. எனவே மருந்து குழந்தையைப் பாதிக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இக்கேள்வியின் மறுபாதி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பினால் அது தாயையும் குழந்தையையும் என்ன செய்யும் என்பதே அந்த மறுபாதி. மருந்துக்கும் இடர் உண்டு, நோய்க்கும் இடர் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே எடைபோட்டே மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர்.

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது, மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று. மனப்பதற்ற மருந்து உட்கொண்டுவரும் பெண், கருவுற்றதை அறிந்தவுடன் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரை உடனே காண்பதே முதற்செயல் ஆகும்.

நோயின் தன்மை

கருவுற்ற பெண்ணுக்குப் பிரசவம் பற்றியும் குழந்தை பற்றியும் கவலை தோன்றுவது இயல்பு. அது நோயன்று. கவலை நாள் முழுதும் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத நிலைக்குக் கொண்டுசெல்லும்போது அது நோய் எனக் கருதப்படுகிறது. பொதுவான மனப்பதற்ற நோய், திடீரென நெஞ்சு படபடத்துச் சாவு நெருங்கியதுபோல் தோன்றும் பீதி நோய், சமூக அச்சம் ஆகியவை இதன் வகைகள். விரும்பாத எண்ணங்கள் மீண்டும் மீண்டும் வந்து அலைக்கழிக்கும் எண்ணச்சுழற்சி நோய் இப்போது தனி வகையாகப் பிரிக்கப்பட்டிருப்பினும், அதற்கும் பெரும்பாலும் இதே மருந்துகளே தரப்படுகின்றன.

இந்நோய் அரிதானதன்று. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒருவகை மனப்பதற்ற நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆயினும் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. படபடப்பு, மூச்சு வாங்குதல், உறக்கமின்மை, களைப்பு, குமட்டல் ஆகிய யாவும் கருவுற்ற காலத்தின் இயல்பான அறிகுறிகளும் ஆகும். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்று வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவமனையிலும் சொல்லிவிடுவதுண்டு. தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்வதும் குருதிச்சோகையும்கூட இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், முதலில் குருதிப் பரிசோதனை செய்து அவற்றை விலக்குவர்.

சிகிச்சை பெறாத கடுமையான மனப்பதற்றம், குறைப்பிரசவத்துடனும் குழந்தையின் குறைந்த எடையுடனும் தொடர்புடையது எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவுற்ற காலத்து மனப்பதற்றம் பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வின் முன்னறிவிப்புகளுள் ஒன்றும் ஆகும். உண்ணாமை, மருத்துவமனைக்குச் செல்லத் தவறுதல், மதுவையோ புகையிலையையோ நாடுதல் ஆகியவையும் நோயின் வழியே வரக்கூடியவை. பிரித்தானியாவில் தாய்மாரின் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயும் தேசிய விசாரணை அறிக்கைகளில், மகப்பேறு முடிந்து ஆறு வாரம் முதல் ஓராண்டு வரையான காலத்தில் நேரடி இறப்புக் காரணங்களுள் தற்கொலையே முதலிடத்தில் உள்ளது. நோயை விட்டுவிடுவதால் இடர் ஏதுமில்லை என்று கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தாலிடோமைடின் நிழல்

இத்துறையில் இன்றும் நிலவும் அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1957 அக்டோபரில் மேற்கு செருமனியின் கிரூனன்தால் நிறுவனம் தாலிடோமைடு என்ற மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஓர் அமைதிப்படுத்தி. பதற்றத்திற்கும் உறக்கமின்மைக்கும் உரியது. மருத்துவர் சீட்டின்றியே கிடைத்தது. மசக்கைக் குமட்டலைத் தணிப்பதாகக் கண்டு, கருவுற்ற பெண்களும் உட்கொண்டனர். கைகால்கள் குன்றிய நிலையில் குழந்தைகள் பிறக்கலாயின. செருமனியில் விடுகிண்ட் லென்சு, ஆத்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர்கள் 1961 இல் இம்மருந்தைக் காரணமாகச் சுட்டினர். அவ்வாண்டு நவம்பரில் மேற்கு செருமனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில், உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய பிரான்சிசு ஓல்டாம் கெல்சி போதிய சான்றில்லை எனக் கூறி ஒப்புதலை நிறுத்தி வைத்தமையால், அங்கு அது சந்தைக்கு வரவில்லை.

இத்துயரத்தின் பயனாக மருந்துச் சோதனை விதிகள் உலகெங்கும் கடுமையாயின. மற்றொரு விளைவும் உண்டு. கருவுற்ற பெண்களை மருந்துச் சோதனைகளிலிருந்து முற்றாக விலக்கும் வழக்கம் வேரூன்றியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977 இல் வெளியிட்ட வழிகாட்டல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களையே தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. இது 1993 இல்தான் மாற்றப்பட்டது. இவ்வழக்கத்தால் காக்கப்பட்டோர் இருக்கலாம். ஆயினும் மருந்து தேவைப்படும் கருவுற்ற பெண்ணுக்கு எதனை எந்த அளவில் தருவது என்ற அறிவு இதனால் பல பத்தாண்டுகள் பின்தங்கியது என்பதும் உண்மை. இன்று நம்மிடம் உள்ள தகவல்களிற் பெரும்பகுதி சோதனைகளிலிருந்து வந்ததன்று; ஏற்கனவே மருந்து உட்கொண்ட பெண்களின் பதிவேடுகளிலிருந்து வந்தது.

மருந்து கருவை அடையும் வழி

மருந்து தாயின் குருதியில் கலந்து, நஞ்சுக்கொடியின் மெல்லிய படலத்தைக் கடந்து, தொப்புள்கொடி வழியாகக் கருவை அடைகிறது. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் எளிதிற் கடக்கும். மூளையைச் சென்றடைய வேண்டிய மருந்துகள் இயல்பிலேயே இத்தகையவை. ஆகவே நஞ்சுக்கொடியையும் கடக்கின்றன. கடக்கும் அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். எடுத்துக்காட்டாக, செர்ட்ராலின் ஒப்பீட்டளவில் குறைவாகவும் சிட்டலோபிராம் கூடுதலாகவும் கடக்கின்றன.

அளவைப் போலவே காலமும் முக்கியம். கருக்கட்டிய பின் 3 முதல் 8 வாரம் வரை உறுப்புகள் உருவாகின்றன. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் மருத்துவமனை வழக்கப்படி இது 5 முதல் 10 வாரம் ஆகும். நரம்புக்குழாய் ஏறத்தாழ 28 ஆம் நாளில் மூடிவிடுகிறது. இதயம் நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. தாலிடோமைடு கேடு விளைத்தது கருக்கட்டிய பின் ஏறத்தாழ 20 முதல் 36 ஆம் நாள் வரையான குறுகிய காலத்தில் மட்டுமே. அந்நாட்களில் ஒரே ஒரு மாத்திரையும் போதுமானதாயிருந்தது. உறுப்புகள் உருவான பின்னர் வரும் மாதங்களில், உருவக் குறைபாட்டைவிட வளர்ச்சி, பிறக்கும்போது உள்ள நிலை ஆகியவையே கவனத்திற்குரியவை.

இதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போய், பரிசோதித்து, மருத்துவரைக் காணும்போது பல பெண்கள் எட்டாம் அல்லது ஒன்பதாம் வாரத்தை எட்டிவிடுகின்றனர். உறுப்பாக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும். அப்போது அஞ்சி மருந்தை நிறுத்துவதால், எதற்கு அஞ்சினார்களோ அதனைத் தவிர்க்கும் வாய்ப்புக் குறைவு. நோய் திரும்பும் வாய்ப்பு மட்டும் முழுதாக எஞ்சி நிற்கும். கருவுறுவதற்கு முன்பே மருத்துவருடன் கலந்து பேசுவது சிறந்தது எனச் சொல்லப்படுவது இதனாலேயே.

கருவுற்ற காலத்தில் தாயின் உடலும் மாறுகிறது. குருதிநீரின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. கல்லீரலில் சில நொதிகள் விரைவாகவும் சில மெதுவாகவும் இயங்குகின்றன. எனவே முன்பு போதுமானதாயிருந்த மருந்தளவு, பிற்பகுதி மாதங்களில் போதாமற் போகலாம். "குழந்தைக்காகக் குறைவாகக் கொடுங்கள்" என்று வேண்டுவது இயல்பே. ஆனால் போதாத அளவு மருந்தில் குழந்தை மருந்துக்கும் ஆளாகிறது, தாயின் நோய்க்கும் ஆளாகிறது.

ஒப்பீட்டில் நேரும் பிழை

இத்துறைச் செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுவதற்கு முதன்மைக் காரணம், யாரை யாருடன் ஒப்பிடுவது என்ற சிக்கல். மருந்து உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளையும் உட்கொள்ளாத தாய்மாரின் குழந்தைகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தென்படலாம். ஆனால் மருந்து உட்கொண்டோர் நோயுற்றோர். மற்றையோரில் பெரும்பாலோர் நோயற்றோர். நோய், மரபு, புகைப்பழக்கம், உடற்பருமன், பிற மருந்துகள், வறுமை ஆகிய யாவும் இரு குழுக்களிலும் வேறுபடும். இரு நிரல்களின் வேகத்தை ஒப்பிட விரும்பும் ஒருவர், ஒன்றைப் பழைய கணினியிலும் மற்றொன்றைப் புதிய கணினியிலும் இயக்கிவிட்டு, முதல் நிரலே மெதுவானது என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

பெரிய ஆய்வொன்றைக் காண்போம். அமெரிக்காவின் மெடிக்கெய்டு காப்பீட்டில் இருந்த 9,49,504 கருவுற்ற பெண்களின் தரவுகளைக் கொண்டு 2014 இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் மூன்று மாதங்களில் மனச்சோர்வு மருந்து பெற்ற 64,389 பெண்களின் குழந்தைகளில் 10,000 இற்கு 90 பேருக்கு இதயக் குறைபாடு இருந்தது. மருந்து பெறாதோரின் குழந்தைகளில் இது 10,000 இற்கு 72. மருந்தே காரணம் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆய்வாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. மனச்சோர்வு நோய் உள்ள பெண்களை மட்டும் எடுத்து, மருந்து உட்கொண்டோரையும் உட்கொள்ளாதோரையும் பிற காரணிகளும் ஒத்திருக்குமாறு ஒப்பிட்டனர். செரோட்டோனின் வகை மருந்துகளுக்கான வேறுபாடு 1.06 மடங்காகச் சுருங்கியது. இது தற்செயலாலும் வரக்கூடிய அளவு.

சாரணர் போல முதலில் வந்து அச்சுறுத்தும் செய்திகளில் மற்றொரு பிழையும் உண்டு. சார்பு இடரைச் சொல்லித் தனி இடரைச் சொல்லாமல் விடுவதே அது. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிறப்புகளை ஆராய்ந்து 2015 இல் வந்த ஆய்வு, கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் மனச்சோர்வு மருந்து உட்கொண்டால் குழந்தைக்கு மதியிறுக்கம் (ஆட்டிசம்) வரும் இடர் 87 விழுக்காடு கூடுகிறது என்றது. உலகெங்கும் நாளிதழ்கள் இதனைத் தலைப்பாக்கின. அந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கையில் மதியிறுக்கம் 0.7 விழுக்காட்டினருக்கு இருந்தது. பிற்பகுதியில் மருந்துக்கு ஆளான குழந்தைகளில் 1.2 விழுக்காடு. 31 குழந்தைகளைக் கொண்டு பெறப்பட்ட எண் அது. இவ்வெண்ணையே நம்பினாலும், மருந்துக்கு ஆளான நூறு குழந்தைகளில் 98 இற்கும் மேற்பட்டோருக்கு மதியிறுக்கம் இல்லை.

2017 இல் சுவீடனிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் இருந்து வந்த இரு ஆய்வுகள் கூர்மையான ஒப்பீடொன்றைச் செய்தன. ஒரே தாய், ஒரு பிள்ளையைச் சுமந்தபோது மருந்து உட்கொண்டு மற்றொரு பிள்ளையைச் சுமந்தபோது உட்கொள்ளாதிருந்தால், அவ்விரு உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டனர். மரபும் குடும்பமும் பெரும்பாலும் பொதுவாகிவிடுகின்றன. இவ்வொப்பீட்டில் மதியிறுக்கத்துடனான தொடர்பு மறைந்தது. முதலில் கண்ட தொடர்பின் பெரும்பகுதி மருந்தினால் அன்றி, மருந்து தேவைப்பட்ட குடும்பச் சூழலாலும் மரபாலும் வந்தது என்பதே இதன் பொருள்.

ஒப்பிடுவதற்கான அடிப்படை எண்ணையும் நினைவிற் கொள்ள வேண்டும். எந்த மருந்தும் உட்கொள்ளாத பெண்களின் குழந்தைகளிலும் ஏறத்தாழ நூற்றில் மூவருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு உள்ளது. மருந்து உட்கொண்ட தாய்க்கு அப்படியொரு குழந்தை பிறந்துவிட்டால், அவர் வாழ்நாள் முழுதும் தம்மையே பழித்துக்கொள்கிறார். சுற்றத்தாரும் அதையே சொல்வர். அந்த மூவரில் ஒருவராக அக்குழந்தை மருந்தின்றியும் பிறந்திருக்கலாம் என்பது எண்ணிப் பார்க்கப்படுவதில்லை.

மருந்து வகைகள்

செரோட்டோனின் மீளுறிஞ்சல் தடுப்பிகள்

செர்ட்ராலின், எசிட்டலோபிராம், புளுவொக்செட்டின், பரொக்செட்டின் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. மனச்சோர்வு மருந்துகள் எனப் பெயர் பெற்றிருப்பினும், மனப்பதற்ற நோய்களுக்கும் இன்று முதலில் தரப்படுபவை இவையே. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரி 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், கருவுற்ற காலத்து மனப்பதற்றத்திற்கும் இவற்றையே முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. கருவுற்றிருப்பதை மட்டும் காரணமாகக் கொண்டு உளநல மருந்துகளை நிறுத்தவோ மறுக்கவோ வேண்டாம் என்றும் அது கூறியது. முன்பு உட்கொண்டு பலன் கண்ட மருந்து இருப்பின், பெரும்பாலும் அதனையே தொடர்வர். பாதுகாப்பானது எனக் கருதப்படும் மற்றொன்றுக்கு மாற்றினால், அது பலனளிக்காமற் போகும்போது குழந்தை இரு மருந்துகளுக்கும் நோய்க்கும் ஆளாக நேரிடும்.

பரொக்செட்டின் இவ்வகையில் விதிவிலக்கு. இதயக் குறைபாட்டுடன் தொடர்பு இருக்கலாம் என 2005 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பின்வந்த ஆய்வுகள் இதில் ஒன்றுபடவில்லை. ஆயினும் புதிதாகத் தொடங்கும்போது இதனைத் தவிர்ப்பதே வழக்கமாக உள்ளது. விரைவில் உடலைவிட்டு நீங்குவதால் விலகல் அறிகுறிகளும் இதில் கூடுதல்.

பிறந்த குழந்தையின் நுரையீரலில் உயர் இரத்த அழுத்தம் நீடிக்கும் அரிய நோய் பற்றி 2006 இல் எச்சரிக்கை எழுந்தது. சான்றுகள் முரண்படுவதாக 2011 இல் அதே நிர்வாகம் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. 37 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 2015 ஆம் ஆண்டு ஆய்வில், இந்நோய் மருந்துக்கு ஆளாகாத குழந்தைகளில் 10,000 இற்கு ஏறத்தாழ 21 பேருக்கும், ஆளானோரில் ஏறத்தாழ 32 பேருக்கும் இருந்தது. பிற காரணிகளைச் சமன்செய்தபின் வேறுபாடு இன்னும் குறைந்தது. இடர் இருக்கலாம், இருப்பின் அது சிறியது.

உறுதியாகத் தெரிந்த விளைவு, பிறந்த குழந்தையின் தகவமைவுச் சிக்கலாகும். கடைசி மாதங்களில் தாய் இம்மருந்தை உட்கொண்டிருந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு முதல் சில நாட்களில் நடுக்கம், எரிச்சலான அழுகை, பால் குடிப்பதில் தடுமாற்றம், விரைந்த மூச்சு ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் இவை கடுமையற்றவை. சில நாட்களில், மிஞ்சினால் இரு வாரங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. குழந்தையைத் தாயின் அருகிலேயே வைத்து மருத்துவமனையில் கூடுதலாக ஓரிரு நாள் கவனிப்பது போதுமானது. இதனைத் தவிர்ப்பதற்காகப் பிரசவத்திற்குச் சற்று முன் மருந்தை நிறுத்துவது, நோய் மிகவும் திரும்பக்கூடிய காலத்தில் தாயைக் காப்பின்றி விடுவதாகும்.

2025 சூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்துகள் பற்றி ஒரு வல்லுநர் கூட்டத்தைக் கூட்டியது. பேசியவர்களிற் பெரும்பாலோர் இம்மருந்துகளின் இடர்களையே வலியுறுத்தினர். சிகிச்சை பெறாத நோயின் கேடுகள் போதிய அளவு பேசப்படவில்லை என்று மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரி அதனைக் கடுமையாகக் கண்டித்தது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மறுபாதி, வல்லுநர் அரங்குகளிலும் விடுபட்டுப்போகக்கூடியது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பென்சோடயசெப்பீன்கள்

டயசெபாம், லோரசெபாம், அல்பிரசோலம், குளோனசெபாம் முதலியன இவ்வகை. 1960 இல் குளோர்டயசெபொக்சைடும் 1963 இல் டயசெபாமும் ரோசு நிறுவனத்தால் அறிமுகமாயின. இவை அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் பதற்றத்தைத் தணிப்பவை, அதனாலேயே பழக்கமாகிவிடுபவை. பிளவுபட்ட உதடு, அண்ணம் ஆகியவற்றுடன் தொடர்பு இருப்பதாக 1970களின் ஆய்வுகள் சில கூறின. நோயுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் பின்னோக்கிக் கேட்டறிந்த ஆய்வுகளில் இத்தொடர்பு தென்பட, கருவுற்றதிலிருந்து முன்னோக்கித் தொடர்ந்த ஆய்வுகளில் தென்படவில்லை என 1998 இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய் தாம் உட்கொண்டவற்றை ஒன்றுவிடாமல் நினைவுகூர்வார். நலமுள்ள குழந்தையின் தாய் மறந்துவிடுவார். இந்த நினைவுச் சாய்வும் வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம்.

பிரசவத்தை ஒட்டி அதிக அளவில் தொடர்ந்து உட்கொண்டால், குழந்தை தசை தளர்ந்து, பால் உறிஞ்ச வலுவின்றி, உடல் குளிர்ந்து பிறக்கக்கூடும். ஆகவே இவற்றைத் தவிர்ப்பதும், மிகத் தேவையெனில் குறைந்த அளவில் குறுகிய காலம் தருவதும் வழக்கம். ஆனால் பல மாதங்களாக உட்கொண்டுவரும் ஒருவர் இவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அது தாய்க்கும் கருவுக்கும் மிகுந்த ஆபத்து. படிப்படியாகக் குறைப்பதே முறை. இந்தியாவில் அல்பிரசோலம், டயசெபாம் ஆகியவை 2014 முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. இவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். உறவினர் ஒருவருக்கு எழுதிய "தூக்க மாத்திரையை" வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் கருவுற்ற காலத்தில் மேலும் கேடானது.

பிற

ஐரோப்பாவில் மனப்பதற்றத்திற்குத் தரப்படும் பிரிகாபலின் பற்றி, நார்டிக் நாடுகளின் 2,700 இற்கும் மேற்பட்ட கருத்தரிப்புகளை ஆராய்ந்து 2022 இல் பிரித்தானிய மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரிய பிறவிக் குறைபாடு மருந்துக்கு ஆளானோரில் 100 இற்கு 5.9, ஆளாகாதோரில் 4.1. படபடப்புக்குத் தரும் புரோப்பிரனலோல், கருவின் வளர்ச்சியைக் குறைக்கவும் பிறந்த குழந்தையின் நாடித்துடிப்பையும் சர்க்கரையையும் தாழ்த்தவும் கூடும்.

உண்மையிலேயே தவிர்க்க வேண்டிய உளநல மருந்து எப்படியிருக்கும் என்பதற்குச் சோடியம் வால்புரோயேட்டு சான்று. இது வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் உரியது. இதற்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பெரிய பிறவிக் குறைபாடும், பத்தில் மூவர் முதல் நால்வருக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கல்களும் காணப்படுகின்றன. இவ்வளவு பெரிய விளைவை மறைக்க எந்த ஒப்பீட்டுப் பிழையாலும் இயலாது. செரோட்டோனின் வகை மருந்துகளைப் பல இலட்சம் பெண்கள் உட்கொண்ட பின்னும் இதையொத்த ஒன்று வெளிப்படவில்லை.

மூலிகை என்பதால் ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. மனப்பதற்றத்திற்காக விற்கப்படும் அமுக்கரா (அசுவகந்தா) கருவுற்ற காலத்தில் தவிர்க்க வேண்டியது என அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன.

மருந்தைத் திடீரென நிறுத்துதல்

இத்துறையில் மிகுதியாக நேரும் தீங்கு, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடுவதாகும். மாமியாரோ, கணவரோ, மருந்துக்கடைக்காரரோ, இணையத்தில் படித்த ஒரு வரியோ இதற்குக் காரணமாகலாம். நிறுத்திய சில நாட்களில் தலைச்சுற்றல், குமட்டல், உறக்கமின்மை, மின்னதிர்வு போன்ற உணர்வு ஆகிய விலகல் அறிகுறிகள் தோன்றலாம். சில வாரங்களில் நோயே திரும்பலாம்.

இதனை அளந்த ஆய்வொன்று 2006 இல் அமெரிக்காவில் வெளியானது. அது மனச்சோர்வு பற்றியது, மனப்பதற்றம் பற்றியதன்று. எனினும் மருந்துகள் ஒன்றே என்பதால் இங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 201 பெண்களைத் தொடர்ந்ததில், மருந்தைத் தொடர்ந்தோரில் 26 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியோரில் 68 விழுக்காட்டினருக்கும் கருவுற்ற காலத்திலேயே நோய் திரும்பியது. கருவுற்றிருப்பதே பெண்ணின் மனத்தைக் காக்கும் என்ற பழைய நம்பிக்கையை இவ்வாய்வு ஆதரிக்கவில்லை. கடுமையான நோய் வரலாறு கொண்ட, சிறப்பு மையங்களுக்கு வந்த பெண்கள் இவர்கள். நோய் இலேசாக இருந்து நெடுங்காலம் நலமாயிருப்போருக்கு இதே விகிதம் பொருந்தும் என்று கொள்ள முடியாது. அத்தகையோர் மருத்துவர் துணையுடன் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதற்கு இடமுண்டு.

தற்கொலை எண்ணம் தோன்றினால் அது நெருக்கடி நிலையாகும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானசு என்ற கட்டணமில்லா அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் இயங்குகிறது.

மருந்தில்லா மருத்துவம்

இலேசான, நடுத்தர மனப்பதற்றத்திற்குப் பேச்சுவழி மருத்துவமே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. இவற்றுள் அறிவாற்றல் நடத்தை மருத்துவம் மிகுதியாக ஆராயப்பட்டது. தெற்காசியாவில் உளவியலாளர்கள் மிகக் குறைவு என்பதால் இது ஏட்டளவில் நின்றுவிடும் என்று எண்ணத் தோன்றும். பாக்கித்தானின் இராவல்பிண்டியில் நடந்து 2024 இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. மனப்பதற்ற அறிகுறிகள் உள்ள 1,200 கருவுற்ற பெண்களை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, முறையான உளநல மருத்துவப் பின்னணி இல்லாத, இதற்கெனப் பயிற்சி பெற்ற பெண்கள் மருத்துவமனையிலேயே அமர்வுகளை நடத்தினர். பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வோ கடுமையான பதற்றமோ இருந்தோர் அக்குழுவில் 12 விழுக்காடு. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற குழுவில் 41 விழுக்காடு.

எனினும் பேச்சுவழி மருத்துவம் எல்லா நிலைகளிலும் மருந்துக்கு மாற்றாகாது. உண்ணவும் உறங்கவும் இயலாத கடுமையான நிலையில், அமர்வுகளில் கலந்துகொள்ளும் வலுவை முதலில் மருந்தே தருகிறது.

தகவல் சீட்டில் எழுத்துகள்

மருந்துப் பெட்டியிலோ இணையத்திலோ "கருவுற்ற கால வகை சி", "வகை டி" என்று கண்டு கலங்குவோர் இன்றும் உளர். ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற இவ்வெழுத்து வகைப்பாட்டை அமெரிக்கா 1979 இல் கொண்டுவந்தது. ஏ முதல் எக்ஸ் வரை இடர் படிப்படியாகக் கூடுகிறது என்று பலர் படித்தனர். உண்மையில் சி என்பது பல வேளைகளில் மனிதரில் போதிய ஆய்வு இல்லை என்பதை மட்டுமே குறித்தது. ஆராயப்படாத புதிய மருந்து, நன்கு ஆராயப்பட்டுச் சிற்றிடர் அறியப்பட்ட பழைய மருந்தைவிட நல்ல எழுத்தைப் பெற முடிந்தது. இக்குழப்பத்தினால் 2015 சூன் 30 முதல் அந்நாட்டில் எழுத்துகள் கைவிடப்பட்டன. இப்போது இடர், சான்று, நோயை விட்டுவிடுவதன் கேடு ஆகியவை விரித்து எழுதப்படுகின்றன. பழைய எழுத்துகள் நூல்களிலும் வலைத்தளங்களிலும் இன்னும் உலவுகின்றன.

பிரசவத்திற்குப் பின்

பிரசவத்தை அடுத்த வாரங்களே நோய் திரும்புவதற்கு மிகவும் வாய்ப்புள்ள காலம். இயக்குநீர்களின் வீழ்ச்சி, உறக்கமின்மை ஆகியன சேர்ந்துகொள்கின்றன. கருவுற்ற காலத்தில் அளவு கூட்டப்பட்ட மருந்தை இப்போது மருத்துவர் மறுபடி சீர்செய்வர். பெங்களூரில் உள்ள நிம்கான்சு மருத்துவமனையில், தாயும் குழந்தையும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு உளநலச் சட்டமும், உளநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது.

பெரும்பாலான தாய்மார் இம்மருந்துகளை உட்கொண்டவாறே பாலூட்டலாம். தாய் தம் உடல் எடைக்கேற்பப் பெறும் அளவில் 10 விழுக்காட்டிற்கும் குறைவாகக் குழந்தைக்குச் சென்றால், பொதுவாக அது ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்படுகிறது. செர்ட்ராலினும் பரொக்செட்டினும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. நெடுநேரம் உடலில் தங்கும் புளுவொக்செட்டின் சற்றுக் கூடுதலாகக் கலக்கிறது. டயசெபாம் குழந்தையின் உடலில் தேங்கி மந்தநிலையை உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. கருவில் ஒன்பது மாதம் பெற்ற அளவுடன் ஒப்பிடுகையில், பாலின் வழியே செல்லும் அளவு மிகச் சிறியது. கருவுற்றபோது உட்கொண்ட செர்ட்ராலினைப் பாலூட்டுவதற்காக நிறுத்தவோ மாற்றவோ வேண்டியதில்லை.